ஏரிக்கடியில் தப்பிய குண்டுவீச்சு விமானங்கள்

இரண்டாம் உலகப் போரில் பறப்பதற்காக பிரிட்டன் கட்டிய ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களின் எண்ணிக்கை 6,176. போர் முடிந்ததும் அவற்றில் ஒன்றையாவது முழுதாக எடுத்து வைப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓடுதளங்களில் வரிசையாக நின்றவை துண்டு துண்டாக வெட்டப்பட்டு உலைக்குப் போயின. காயலான் கடைக்காரருக்கு அது எந்தப் போரில் பறந்தது என்பதா கணக்கு? எடைதான் கணக்கு. ஸ்டெர்லிங் என்ற இன்னொரு கனரக விமானம் 2,000-க்கு மேல் கட்டப்பட்டது. அதில் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை. பத்திரமாகத் திரும்பிய விமானங்கள் உருகிப் போக, திரும்பி வராதவைதான் ஏரியிலும் சேற்றிலும் கிடந்து மிஞ்சின.

இப்படிக் கிடப்பதைத் தேடும் வேலை பெரும்பாலும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு படைப்பிரிவும் எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே போனது, யார் யார் அதில் இருந்தார்கள் என்று தினக்குறிப்பு எழுதியது. எதிர்த்தரப்பின் போர்விமானிகளும் தாங்கள் சுட்டு வீழ்த்தியதை நேரத்தோடும் இடத்தோடும் பதிந்து வைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேட வேண்டிய இடம் சுருங்கும். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களின் நினைவு. அன்றிரவு எந்தப் பக்கம் தீ தெரிந்தது, எந்த இடத்தில் வலை வீசினால் எதிலோ சிக்கிக் கிழிகிறது என்று மீனவருக்குத் தெரிந்த அளவு ஆவணக்காப்பகத்துக்குத் தெரியாது.

கருவிகள் அதன்பின்தான் வருகின்றன. நீரின் அடித்தளத்தை ஒலியலையால் துழாவி நிழற்படம் போன்ற காட்சியைத் தரும் சோனார் இதில் முக்கியமானது. காந்தமானியும் பயன்படுகிறது. ஆனால் விமானத்தின் உடல் அலுமினியம், அது காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. எஞ்சினிலும் துப்பாக்கிகளிலும் உள்ள எஃகுதான் காட்டிக் கொடுக்கும். கிடைத்தது எந்த விமானம் என்பதை உறுதி செய்வது தனி வேலை. உருக்குலைந்த குவியலில் எஞ்சின் தகட்டிலோ துப்பாக்கியிலோ பொறித்த எண் கிடைத்துவிட்டால் போதும், மீதிக் கதையை ஆவணமே சொல்லிவிடும்.

நார்வேயின் ஹொக்லிங்கன் ஏரியில் கிடைத்த ஹாலிஃபாக்ஸ் இத்துறையின் பழைய வெற்றி. 1942 ஏப்ரல் 27 இரவு, டிரொன்ஹைம் அருகே ஒளிந்திருந்த ஜெர்மானியப் போர்க்கப்பலான டிர்பிட்ஸைத் தாக்கப் போன விமானம் அது. குண்டடிபட்டுத் தீப்பற்றவே, உறைந்து கிடந்த ஏரியின் மேல் விமானி அதை வயிறு தேய இறக்கினார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அவர்களில் ஐந்து பேர் நடந்தே சுவீடனுக்குத் தப்பினார்கள். கணுக்கால் முறிந்த ஒருவர் மட்டும் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். பனிக்கட்டி விலகியதும் விமானம் ஏரிக்குள் அமிழ்ந்தது. 1973-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் முக்குளிப்பவர்கள் சுமார் 27 மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டு வந்தார்கள். இன்று லண்டனின் ஹெண்டன் அருங்காட்சியகத்தில், பெரும்பாலும் ஏரி தந்த கோலத்திலேயே அது நிற்கிறது.

நார்வேயின் மிகப் பெரிய ஏரியான மியோசாவில் கிடந்த ஹாலிஃபாக்ஸின் முடிவு இன்னும் கொடியது. 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரமே இருந்த நேரத்தில், நார்வேயின் எதிர்ப்புப் படையினருக்குப் பொருட்களைப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அது சுடப்பட்டு ஏரியில் இறங்கியது. உள்ளிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். வால்பகுதித் துப்பாக்கி வீரர் ஒருவர் மட்டுமே பிழைத்தார். 200 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடந்த அந்த விமானத்தைச் சோனாரின் துணையோடு கண்டுபிடித்து 1995-இல் தூக்கினார்கள். அவ்வளவு ஆழத்துக்கு மனிதருக்குப் பதிலாக இயந்திரங்களே இறங்கின. பிறகு கனடாவின் டிரென்டன் நகரில் தன்னார்வலர்கள் பத்தாண்டு பாடுபட்டு, 2005-இல் அதைப் புது விமானம் போலவே நிறுத்தினார்கள்.

சிதைந்த நிலையிலேயே காப்பதா, புதுப்பிப்பதா என்ற வாதம் இந்த இரண்டு விமானங்களையும் முன்வைத்து இன்றும் நடக்கிறது. புதுப்பித்தது பார்க்க அழகு. ஆனால் நடந்ததைக் காட்டுவதில் ஹெண்டனின் நசுங்கிய உலோகத்துக்குத்தான் வலு அதிகம்.

நார்வே ஏரிகளில் விமானங்கள் இவ்வளவு நன்றாக மிஞ்சியதற்குக் காரணம் குளிரும் நன்னீரும். விமானத் தகடு சுத்த அலுமினியம் அல்ல. வலுவுக்காகச் செம்பு கலந்த உலோகக் கலவை. உப்புநீரில் இப்படிக் கலந்த உலோகங்களுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி, தகடு தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். சக்கரங்களில் உள்ள மெக்னீசியமோ கடலில் வெகு சீக்கிரம் கரைந்துபோகும். வெளியே எடுத்தபின் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. நீருக்குள் ஒரு சமநிலைக்கு வந்திருந்த உலோகம், காற்றுப் பட்டதும் உள்ளே தங்கிய உப்பின் தூண்டுதலால் மீண்டும் வேகமாக அரிக்கத் தொடங்கும்.

இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது ஒரு ஜெர்மானிய விமானம். டோர்னியர் 17 வகையில் எங்கும் ஒன்றுகூட மிச்சமில்லை என்று நம்பப்பட்ட நிலையில், இங்கிலாந்தின் கென்ட் கரையோரத்தில் குட்வின் மணல்திட்டுகளில் அவ்வகை விமானம் ஒன்று தலைகீழாகப் புதைந்து கிடந்தது. 1940 ஆகஸ்ட் 26-இல் வீழ்ந்தது அது. நகரும் மணல் அதை மூடிக் காத்தது. அதே மணல் விலகியபோதுதான் சோனாரின் கண்ணில் பட்டது. சுற்றிலும் சட்டம் கட்டித் தூக்குவதாகத் திட்டம். வானிலை இடம் கொடுக்கவில்லை. நாட்கள் வீணாக, சட்டத்தை விட்டுவிட்டு வேறு முறையில் கட்டி 2013 ஜூன் 10 அன்று மேலே தூக்கினார்கள். காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நெகிழித் தாளால் கூடாரம் போட்டு, அதனுள் சிட்ரிக் அமிலம் கலந்த நீரை விடாமல் தெளித்து உப்பை வெளியேற்றினார்கள். எலுமிச்சைப் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம், அளவு பார்த்து நீர்த்த நிலையில், படிந்ததைக் கரைத்து உலோகத்தை விட்டுவைக்கிறது.

உலோகத்தை மட்டும் பற்றிய வேலை அல்ல இது. பல விமானங்களின் உள்ளே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்த எந்த இராணுவ விமானத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். அமெரிக்காவும் நீரில் மூழ்கிய தன் விமானங்களுக்காக 2004-இல் தனிச் சட்டம் இயற்றியது. விழுந்த விமானங்களில் வெடிக்காத குண்டுகளும் இருக்கலாம்.

நெதர்லாந்து இதை அரசின் கடமையாகவே எடுத்துக்கொண்டது. காணாமற்போனவர்களின் உடல் எடுக்க வாய்ப்புள்ள விமானங்களைத் தோண்ட அங்கே தேசியத் திட்டம் ஓடுகிறது. 2008-இல் மார்க்கர்மீர் ஏரியில் ஒரு நங்கூரத்தில் சிக்கி வந்தது ஒரு விமானத்தின் சக்கரக்கால் துண்டு. ஸ்டெர்லிங் என்பது தெரிந்தது; எந்த ஸ்டெர்லிங் என்பதில் முதலில் தவறினார்கள். பின்னர் ஒரு சிகரெட் பெட்டியில் பொறித்திருந்த பெயரின் முதலெழுத்துகள், 1943 மார்ச்சில் ஏழு பேரோடு காணாமற்போன விமானம் இதுதான் என்று காட்டின. 2020-இல் அதை மீட்டபோது அள்ளிய சேற்றைச் சல்லடையிட்டுத் தேடினார்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த பாதையில் நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் விழுந்தன. 1944 ஜனவரியில் எட்டு பேரோடு மறைந்த ஒரு பி-24 குண்டுவீச்சு விமானம் 2006-இல் அருணாசலப் பிரதேச மலையில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் குழு 2015-இல் அங்கே தோண்டியது. கிடைத்த எச்சங்கள் அடுத்த ஆண்டு டெல்லியிலிருந்து தாயகம் சென்றன. இந்தப் பாதையின் நினைவாகப் பாசிகாட்டில் 2023-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பெல்ஜியத்தின் கெரார்ட்ஸ்பெர்கன் அருகே சேற்று நிலத்தில், 1944 மே மாதம் வீழ்ந்த ஒரு கனடிய ஹாலிஃபாக்ஸை 1997-இல் தோண்டினார்கள். எட்டு பேரில் ஐவரைப் போர்க்காலத்திலேயே புதைத்திருந்தார்கள். மிச்சமிருந்த மூவர் விமானத்துக்குள்ளேயே கிடைத்து இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்கள். நிறுத்தி வைக்கும் நிலையில் அந்த விமானம் இல்லை. அதன் அலுமினியத்தை உருக்கினார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் 2012-இல் திறந்த குண்டுவீச்சுப் படையினர் நினைவகத்தின் கூரைக்கு உட்புறமாக அந்த உலோகம் பயன்பட்டிருக்கிறது.