சிறுதொகைக் கார்களும் பெருந்தொகை வாணிகமும்

ஒரே வகைக் காரைப் பல்லாயிரக்கணக்கில் ஆக்கி விற்பதே பெருங் கம்பனிகளின் தொழிலாகும். அச்சுகளுக்கும் பொறிகளுக்கும் இட்ட முதல் பல வண்டிகள்மீது பங்கிடப்படும்போதே விலை குறைகின்றது. அவ்வாறிருக்க, சில ஆயிரமே விலைபோகக்கூடிய விரைவுமிக்க சலூன் கார்களையும் இக்கம்பனிகள் ஆக்குவது ஏன்? பிரித்தானிய போர்ட் கம்பனியின் கோர்ட்டினா வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வாம்.

1962 இல் வெளிவந்த கோர்ட்டினா, நடுத்தரக் குடும்பத்தினர்க்கென அமைந்த எளிய வண்டி. அதன் எஞ்சின் 1198 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறக்குறைய 50 பரிவலுவும் உடையது. அடுத்த ஆண்டிலேயே, கொலின் சப்மன் என்பாரின் லோட்டஸ் கம்பனியுடன் கூடி, அதே வண்டியின் விரைவு வடிவம் ஒன்றைப் போர்ட் வெளியிட்டது. போர்ட் எஞ்சினின் அடிப்பகுதிமீது, ஹரி மண்டி வகுத்த புதிய உருளைத்தலை பொருத்தப்பட்டது. கொள்ளளவு 1558 ஆகவும் வலு 105 ஆகவும் உயர்ந்தன. கதவுகளும் மூடிகளும் பாரங் குறைந்த அலுமினியத்தால் ஆக்கப்பட்டன.

இம்முயற்சிக்கு முதற்காரணம் பந்தயமே. ஆயிரம் வண்டிகளேனும் ஆக்கப்பட்ட வகையே அக்காலத்துச் சலூன் பந்தயப் பிரிவில் ஏற்கப்படும் என்பது விதி. 1964 இல் ஜிம் கிளார்க் இவ்வண்டியைச் செலுத்திப் பிரித்தானியச் சலூன் கார் வாகைப் பட்டத்தைப் பெற்றார். பந்தயத் திடலில் வென்ற வண்டியும் அயல்வீட்டு வாயிலில் நின்ற வண்டியும் உருவில் ஒன்றே, பெயரிலும் ஒன்றே. 1966 வரை விற்பனையான முதல் வடிவக் கோர்ட்டினாக்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் லோட்டஸ் வகை ஏறக்குறைய 3,300 மாத்திரமே. முந்நூறில் ஒன்று ஈட்டிய புகழை ஏனையவையும் பகிர்ந்துகொண்டன.

இரண்டாவது பயன் தொழினுட்பம் பற்றியது. அச்சிறுதொகை வண்டியிற் பயின்ற இரட்டைத்தண்டு எஞ்சின், 1968 இல் எஸ்கோர்ட் காரின் பந்தய வகைக்கும் உதவிற்று.

எனினும், புகழ் இருபுறமும் கூருடைய வாள். தொடக்கத்தில் அமைத்த சுருள்வில் ஏற்பாடு பின்னச்சை வருத்தி எண்ணெய்க் கசிவை உண்டாக்கிற்று. 1965 இல் அதனை நீக்கி, உறுதியான தகட்டுவில்லைப் பொருத்தினர். அலுமினியப் பகுதிகளும் அதற்கு முன்னரே பெரும்பாலும் உருக்காக மாறியிருந்தன. 1967 இல் வந்த இரண்டாம் வடிவத்தைப் போர்ட் கம்பனி தன் டாகன்ஹாம் தொழிற்சாலையிலேயே ஆக்கிற்று. சிறப்புவண்டி நாட்பயன்பாட்டுக்கு ஏற்றதாகியது, பொதுவண்டியை நெருங்கிய அளவிலேயே என்பது இதனாற் புலனாகும்.

புகழால் விளைந்த விற்பனை இவ்வளவு என்று கணக்கேட்டில் எழுத இயலாது. அதனாலேயே இத்தகைய வண்டிகள் வீண்பெருமையாக மாறும் அபாயமும் உண்டு. அதனைத் தவிர்க்கும் அளவுகோல் ஒன்றே: சிறப்புவண்டிக்கும் பொதுவண்டிக்கும் இடையே மெய்யான உறவு இருத்தல் வேண்டும். அவ்வுறவு உளதாயின் சிறுதொகையும் பெருந்தொகையைத் தாங்கும். இலதாயின் அது வெறும் அலங்காரமே. பண்டம் ஒன்றின் பயனை அதன் தனிக்கணக்கில் மாத்திரம் தேடலாகாது என்பதைப் பொருளியல் பயிலும் மாணவர் இதனின்றும் உணர்வாராக.