கூல் லிப் பொட்டலம் அகப்பட்டால் பெற்றோரிடம் என்ன சொல்வது?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஜாமெட்ரி பாக்ஸில் கூல் லிப் பொட்டலம் அகப்பட்டால், பெரும்பாலும் நாம் உடனே அவன் அப்பாவுக்குப் போன் போடுகிறோம். "உங்க பையன் என்ன காரியம் பண்ணியிருக்கான் தெரியுமா? உடனே வாங்க." அவர் வேலையைப் பாதியில் விட்டு வருகிறார். தலைமையாசிரியர் அறையில் நான்கு பேர் பார்க்க மகனை அறைகிறார். நடவடிக்கை எடுத்தாயிற்று என்று நமக்கும் ஒரு நிறைவு. பையன் மறுநாளிலிருந்து அதை இன்னும் கவனமாக ஒளித்து வைக்கிறான். ஒளிப்பதும் சுலபம், உதட்டுக்குள் அடங்கிவிடும், புகை கிடையாது, புதினா மணம்தான் வரும்.

வகுப்பாசிரியராக இத்தகைய பெற்றோர் பலரிடம் பேசியிருக்கிறேன். அன்று இரவு வீட்டில் நடப்பதைப் பெரும்பாலும் நாம் சொல்லும் முதல் இரண்டு வாக்கியங்களே முடிவு செய்கின்றன என்பது என் அனுபவம். நான் மாலையில், பிள்ளைகள் போன பிறகு வரச் சொல்வேன். கூலி வேலைக்குப் போகிறவரைப் பகலில் அழைத்தால், ஒரு நாள் கூலி போன கோபமும் பையன் முதுகில்தான் இறங்கும். வந்ததும் சொல்வது: "தம்பி புகையிலை பழகியிருக்கான். ஆரம்பத்துலயே தெரிஞ்சிருச்சு, நிறுத்திடலாம். டி.சி. எல்லாம் கொடுக்க மாட்டோம். இன்னிக்கு அடிக்காம பேசுங்க." டி.சி. பயம் தீர்ந்தால்தான் மற்றது காதில் விழும்.

என்ன பேசுவது என்பதையும் நாமே சொல்லி அனுப்ப வேண்டும். எப்போதிலிருந்து? யார் முதலில் கொடுத்தார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை? காசு ஏது? வைக்காவிட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது? "ஏன்டா செஞ்ச?" மட்டும் வேண்டாம். அதற்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது; அந்த மௌனம் திமிராகத் தெரியும், அடி ஆரம்பமாகும்.

கடைசிக் கேள்வியை நான் அழுத்திச் சொல்வேன். தினமும் பழகியவன் நிறுத்தினால் நிக்கோட்டின் கிடைக்காமல் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, கவனக்குறைவு வரும். முதல் சில நாட்கள் கடுமையாக இருக்கும். பிறகு சில வாரங்களில் தணியும். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். இதை முன்பே சொல்லிவைத்தால் பெற்றோர் தாங்கிக்கொள்கிறார்கள். "மூணாம் நாள் கத்துனான் டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே. நான் பதிலுக்குக் கத்தல" என்றார் ஓர் அம்மா. அந்த வாரம் வகுப்பில் நமக்கும் அதே பொறுமை வேண்டும்.

அப்பாவே ஹான்ஸ் போடுபவராக இருந்தால்? நான் உபதேசம் செய்வதில்லை. பையன் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அவனைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லாதீர்கள் என்ற இரண்டை மட்டும் கேட்பேன். பெரும்பாலும் தலையசைக்கிறார்கள். "நானும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சேன், இன்னும் விட முடியல" என்று ஒருவர் மகனிடம் சொன்னார். என் பாடத்தைவிட அது நன்றாக இறங்கியது.

வாங்கிய பையனைப் பேசும்போது விற்றவரை மறந்துவிடுகிறோம். 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. கடைக்காரர் பக்கத்துத் தெருக்காரர், சில சமயம் உறவினர். பெற்றோர் புகார் கொடுக்கத் தயங்குவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, பிள்ளையின் பெயர் வராமல் தலைமையாசிரியர் வழியாகப் புகார் போவதே நல்லது.

சில வாரங்களாகியும் விட முடியாவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்ல வேண்டும். கஞ்சா, மாத்திரை, வொயிட்னர் என்றால் காத்திருக்கவே கூடாது. 14416 மனநல உதவி எண், 14446 போதை மீட்பு எண், 1098 குழந்தைகள் உதவி எண். மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். பத்து நாள் கழித்து நானே போன் செய்து, பையன் சரியாகத் தூங்குகிறானா என்று விசாரிப்பேன்.