கரட்டும் கோவாவும் ஏற்றிப்போனவர்

அண்மையில் அட்டன் பக்கத் தோட்டமொன்றில் காலமான லொறிச் சாரதி ஒருவரைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். பெயர் வேண்டாமென்று வீட்டார் கேட்டுக்கொண்டனர். வாழ்நாளின் பெரும்பகுதி லொறி ஓட்டியவர் என்றாலும், தொழில் என்னவென்று கேட்டால் தம்மைக் கமக்காரன் என்றே சொல்லிக்கொள்வார்.

அதற்குக் காரணம் உண்டு. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் லயத்துப் பிள்ளைகள் பட்ட பசியை வாசகர்கள் அறிவீர்கள். அதைத் தாண்டி வந்த அவரது பெற்றோர், 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின் பானை சட்டியோடு வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தனர். எஸ்.ஏ. டேவிட், டாக்டர் ராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தீயம் இயக்கம் இத்தகைய குடும்பங்களைப் பண்ணைகளில் குடியமர்த்தியது. காடு வெட்டி, நிலக்கடலையும் உளுந்தும் குரக்கனும் விதைத்தார்கள். இரவில் பரணில் இருந்து பன்றி விரட்டுவது சிறுவனான இவருடைய வேலை. பிறர் மலையில் கொழுந்து பறித்த தாய், முதன்முறையாகத் தன் வீட்டுக்கென்று அறுவடை செய்தது அங்கேதான்.

1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் டாக்டர் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மறு வருடம் நெடுங்கேணிக்கு அப்பால் கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இவர்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

தாய்மாமனின் லயக் காம்பிராவுக்குத் திரும்பிய இளைஞனுக்குத் தோட்டத்தில் பேர் பதியவில்லை. பழைய பெட்போர்ட் லொறியொன்றில் கிளீனரானார். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அடையாள அட்டை கிடைத்தது. சாரதி அனுமதிப்பத்திரமும் அதன் பிறகுதான்.

நுவரெலியாவில் பின்னேரம் மரக்கறி ஏற்றினால், தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை, கித்துள்கலை வழியாக விடியுமுன் கொழும்பு மெனிங் சந்தையில் நிற்க வேண்டும். மூடை ஏற்றும்போது அவர் விலகி நிற்கமாட்டார். கிழங்கும் கரட்டும் அடியில். வெளி இலை கழிக்காத கோவா அதன்மேல். லீக்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே, காற்றுப் போகும்படி. நசுங்கிய மூடைக்கு முதலாளி விலை குறைப்பார், அந்த நட்டம் விவசாயியின் தலையிலேயே விழும் என்பது அவருக்குத் தெரியும். கினிகத்தேனை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பையன்களைக் கண்டால் கடுமையாக ஏசுவார். சிறிய கியரில் இறங்கு, பிரேக்கைச் சூடாக்காதே என்பார். (அந்த ஏச்சு வாங்கியவர்கள் இன்று நல்ல சாரதிகள்.)

வீட்டுக்காரி கொழுந்துக்குப் போனார். பயணக் காசை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணீர்ச் செலவுக்குத் திரும்பக் கேட்டு வாங்குவார். பிள்ளைகள் மூவரும் உயர்தரம் வரை படித்தார்கள். மூத்தவள் இன்று ஆசிரியை.

2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்தபோது, வவுனியாவைத் தாண்டியும் மரக்கறி ஏற்றிப் போனார். ஒருநாள் சுமை இறக்கிய பின், புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வரை லொறியை விட்டிருக்கிறார். அதற்கப்பால் போக முடியவில்லை. விட்டுவந்த காணியைத் தேடிப் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வெறுங்கையோடு திரும்புவது எப்படியென்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அவர் அங்கே ஒரு கொத்து நிலக்கடலை வாங்கி வந்து லயத்துக்குப் பின்னால் போட்டார். முளைத்தது, மலைக் குளிரில் காய் பிடிக்கவில்லை.

2022இல் டீசல் வரிசையில் நாட்கணக்கில் காத்திருந்தார். லீட்டர் 460 ரூபாவுக்கு ஏறியபோது, வாடகையைக் கூட்டிக் கேட்க மனம் வரவில்லை. முந்திய வருடம் இரசாயன உரத் தடையால் கிழங்கு விளையாமல் கடன்பட்டிருந்தவர்களிடம்தானே கேட்க வேண்டும்!

நீரிழிவு கண்ணைத் தாக்கியதும் ஓட்டத்தை நிறுத்தினார். வீட்டுக்கும் வாசலுக்குமாகத் தருவதாகச் சொல்லப்பட்ட 7 பேர்ச் காணிக்கு உறுதி வந்ததா என்று தோட்டத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே இருந்தார். இப்போது அந்தக் கோவையோடு மகள் போய் வருகிறாள்.