கொரியமும் தமிழும்: ஒப்புமையும் அதன் எல்லையும்

கொரிய மொழிக்கும் திராவிட மொழிகட்கும் உறவுண்டு என்னும் கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கராகிய ஹோமர் ஹல்பர்ட் என்பார் 1905ஆம் ஆண்டிலேயே அவற்றை ஒப்பிட்டு இலக்கண நூலொன்று வெளியிட்டார். 1984இல் கிளிப்பிங்கர் என்பார் சொல்லொப்புமைகளைத் தொகுத்து அக்கருத்தைப் புதுப்பித்தார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், கொரியரும் தமிழரும் ஒரே தொழிற்கூடத்தில் உரையாடும் நிலை உண்டாயிற்று. அறிஞர் ஏடுகளில் இருந்த இவ்வொப்பீடு மக்கள் பேச்சிலும் புகுந்தது. கொரியம் பயிலத் தொடங்கும் தமிழ் மாணவர் முதற்கிழமையிலேயே ‘அப்பா’ என்னும் சொல்லைக் கேட்டு வியக்கின்றனர். அவ்வியப்பு இயல்பே. ஆயின் அதனையே சான்றாக வைத்து ஆய்வுரை எழுதப் புகுதல் தகாது.

பெரிதும் எடுத்துக்காட்டப்பெறும் சொற்களுள் இரண்டனை நோக்குவோம். ‘இங்கே வா’ என்பதைக் கொரியர் ‘இரி வா’ என்பர். இதன்கண் உள்ள ‘வா’ பகுபதமாகும். ‘ஓ’ என்பதே வருதற்பொருள் தரும் பகுதி. ‘ஆ’ என்பது ஈறு. இரண்டும் புணர்ந்து ‘வா’ என ஒலிக்கின்றன. தமிழில் ‘வா’ என்பதே பகுதி. அது ‘வரு’ எனவும் ‘வார்’ எனவும் திரியும். பிரித்த அளவில் ஒப்புமை கலைந்துபோகின்றது. மற்றொன்று ‘புல்’. கொரியத்தில் இச்சொல்லின் முதலெழுத்து மூச்சொலியுடன் பிறப்பது. அதன் உகரமும் பழமையுடையதன்று. செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் அமைந்த பதினைந்தாம் நூற்றாண்டு நூல்களில், அச்சொல் இதழ் குவியாத வேறோர் உயிருடன் காணப்படுகின்றது. இதழொலியைச் சார்ந்து அவ்வுயிர் உகரமாயது பிற்கால மாற்றம். இன்றைய கொரியச் சொல்லைச் சங்கச் சொல்லோடு நேர்வைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘அப்பா’ போல்வன குழவிச் சொற்கள், பன்மொழிகளிலும் உள்ளன. பயனிலை இறுதியில் நிற்றலும் ஒட்டுநிலையும் சப்பானியம், துருக்கி முதலியவற்றிற்கும் பொது. இவை தமிழர்க்குக் கொரியத்தை எளிதாக்கும், இனவுறவை நிறுவா.

உறவுமுறைச் சொற்களிலோ வேறுபாடே மிகுதி. தமிழில் ஆணும் பெண்ணும் மூத்தானை ‘அண்ணன்’ என்றே விளிப்பர். கொரியத்தில் ஆண்மகன் அவனை ‘ஹ்யொங்’ என்பான்; பெண்மகள் ‘ஒப்பா’ என்பாள். தம்பிக்கும் தங்கைக்கும் ‘தோங்செங்’ என்னும் ஒரு சொல்லே அமையும். மாமன் மக்கள், சிற்றப்பன் மக்கள் அனைவரும் ‘சாச்சொன்’ ஆவர். நான்காம் படியினர் என்பது அதன் பொருள். மாமன் மகளுக்கும் சிற்றப்பன் மகளுக்கும் இடையே நம்மவர் காணும் மலையளவு வேற்றுமை அச்சொல்லில் இல்லை. எட்டாம் படி வரையிலான இரத்த உறவினர் தம்முள் மணத்தலைக் கொரியக் குடிமைச் சட்டம் தடுக்கின்றது. முறைப்பெண் என்னும் சொல்லை ஒரு கொரியருக்கு விளக்குதல் எளிதன்று.

இனி, ஒப்பீட்டுக்கு உண்மையிலேயே வளமான இடம் ஒன்றுண்டு. அஃது உயர்வு காட்டும் முறை. கொரியர் புதியவரைக் கண்டவுடன் வயது வினவுதல் இயல்பு. எவ்வகைப் பேச்சால் அவரொடு உரையாடுவது என்பதை வயதே பெரிதும் வரையறுக்கும். பேசப்படுவார்க்குரிய உயர்வை வினையினுள் ‘சி’ என்னும் உறுப்புக் காட்டும். கேட்பார்க்குரியதை இறுதியில் ‘யோ’ என்னும் ஈறு காட்டும். ‘வே’ என்றால் ஏன். ‘வேயோ’ என்றால் ஏனுங்க. ஆசிரியரிடம் தம்பியைப் பற்றிக் கூறுங்கால் ‘தோங்செங் வாஸ்ஸொயோ’ என்பர். தம்பிக்கு உயர்வில்லை; ஆசிரியர்க்கு உண்டு. ‘தம்பி வந்தானுங்க’ என்னும் நம் பேச்சு இதனோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்றல் காண்க. ‘தாத்தா வந்தாருடா’ என்பது இதன் மறுதலை.

ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கின்கண் வந்த உயர்சொல் என்றும், இலக்கண நெறி அன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வரையறுத்தார். கேட்பாரை நோக்கிப் பெயரோடும் வினையோடும் இடைச்சொல்லோடும் சென்று ஒட்டும் இந்த ‘ங்க’ ஈறு நம் ஆராய்ச்சியில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. கொச்சை என்று ஒதுக்கினமையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. கொரிய இலக்கணத்தாரோ ‘யோ’வைத் தம் பாடநூலின் முதற்பகுதியிலேயே வைக்கின்றனர்.

இதனை ஆராய்தற்குப் பர்கூர் ஏற்ற களம். ஜவுளிக் கடைகள் நிறைந்த அவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும். ‘சரிங்க’ என்று தமிழில் விடையிறுக்கும் வணிகர், அடுத்து வருபவரிடம் ‘அவுனண்டி’ எனத் தெலுங்கில் கூறுவர். ‘ங்க’, ‘அண்டி’, ‘யோ’ மூன்றும் எவ்வெச் சொல்லின்பின் வரும், எங்கு வாரா என நிரல்படத் தொகுத்தல் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. தொகுப்போர் ஒன்றனைக் கருதுதல் வேண்டும். ‘வாங்க’ என்பதன் ஈறு பன்மை ஏவலினின்று வந்தது. ‘சரிங்க’ என்பதன்கண் பன்மைக்கே இடமில்லை. ‘வந்தானுங்க’ என்பதோ, ஒருவன் வந்ததைப் பெரியவரிடம் கூறுதலும் ஆம், பலர் வந்ததை நண்பனிடம் கூறுதலும் ஆம். யாரிடம் கூறப்பட்டது என்பதைக் குறியாது எழுதிய தொடர் பயன்படாது.