கடைசி ராத்திரி சாக்கடல் ரிசார்ட்: பட்ஜெட் உடையாம எப்படி?

ட்ரிப்போட கடைசி நாள்லதான் நாம கோட்டை விடுறோம். "வந்ததே வந்தாச்சு"ன்னு கார்டைத் தேய்ச்சிட்டு, ஊருக்கு வந்து மாசக்கணக்கா இஎம்ஐ கட்டுறோம்.

ஜோர்டான் ட்ரிப்பையே எடுத்துக்குங்க. பெட்ரா, வாடி ரம்னு அலைஞ்சு களைச்ச பிறகு, கடைசியா சாக்கடல் ரிசார்ட். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 430 மீட்டர் கீழே இருக்கிற உப்பு ஏரி. சாதாரணக் கடலைவிட சுமார் 10 மடங்கு உப்பு. மல்லாந்து படுத்தா தண்ணியே தாங்கிக்கும்.

சொகுசைக் கடைசியில வைக்கிறது சரிதான். ஒரு அனுபவத்தோட உச்சமும் முடிவும்தான் மனசுல தங்கும்னு டேனியல் கானமன் சொன்னார். ஆனா அதுக்கு ஒரு ராத்திரி போதும். ஒரு தடவைக்கு 20 நிமிஷத்துக்கு மேல அந்தத் தண்ணியில இருக்கவும் கூடாது.

இப்ப கணக்கு. விசா 40 தினார், பெட்ரா ஒரு நாள் டிக்கெட் 50 தினார், ஆக 90. ரெண்டும் அடங்கின ஜோர்டான் பாஸ் 70 தினார்லேர்ந்து கிடைக்குது. கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கணும், அங்க குறைஞ்சது 3 ராத்திரி தங்கணும். மிச்சமாகிற 20 தினாரை ரிசார்ட் கணக்குல போடுங்க.

அங்க வார விடுமுறை வெள்ளி, சனி. அதைத் தவிர்த்து ரூம் தேடுங்க. வாடகையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே சேமிப்புலேர்ந்து கட்டிடுங்க. அப்பதான் நிம்மதியா மிதக்க முடியும்.