மெட்ராஸில் பறிபோன வேலை ஒரு நாவலானது தெரியுமா?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போயிருக்கிறீர்களா? இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் சீட்டிலேயே ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். பக்கத்தில் கண்ணாடிக் கம்பியில் பார்சல் டீ தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் 140 வருஷத்துக்கு முந்தைய ஒரு காப்பிக் கோப்பை என் நினைவுக்கு வரும். அந்தக் கோப்பையின் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில், நம்ம மெட்ராஸ் கடற்கரையில்!

1884 ஏப்ரல். 1881 புயல் உடைத்துப் போட்ட துறைமுகச் சுவர்கள் இன்னும் முழுசாக எழும்பாத காலம். 'ரிவர்ஸ்டேல்' என்ற பாய்மரக் கப்பல் வந்து நங்கூரம் போடுகிறது. அதன் செகண்ட் மேட் 26 வயது போலந்துக்காரர். கேப்டனுக்கு உடம்பு முடியவில்லை, டாக்டரைக் கூட்டிவா என்று அவரைக் கரைக்கு அனுப்புகிறார்கள். போனவர், கேப்டனுக்கு நோய் ஒன்றுமில்லை, குடிதான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். விஷயம் கேப்டன் காதுக்குப் போனது. வேலை போயிற்று! சான்றிதழில் திறமைக்கு 'மிக நன்று' என்று எழுதிய கேப்டன், நடத்தையைப் பற்றி எதுவும் சொல்ல மறுத்துவிட்டார். அந்த இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் உலகம் கொண்டாடிய எழுத்தாளர் ஜோசப் கான்ராட்!

ரயிலேறி பம்பாய் போனார். அங்கே கிடைத்த கப்பல் 'நார்சிசஸ்'. அந்தப் பயணம்தான் 1897இல் நாவலாக வந்தது. அதில் வரும் மாலுமிகளில் பெரும்பாலோர் அதே கப்பலில் உடன் வந்த ஆட்கள்! கிழட்டு மாலுமி சிங்கிள்டனின் நிஜப் பெயர் சல்லிவன். கப்பலையே கலங்கடித்துச் சாகும் கறுப்பின மாலுமி ஜேம்ஸ் வெய்ட்? 35 வயது ஜோசப் பாரன், ஊர் போய்ச் சேருமுன் நடுக்கடலில் உயிர்விட்டவர். சாவு இவருடையது, 'ஜேம்ஸ் வெய்ட்' என்ற பெயரோ கான்ராட் முன்பு வேலை பார்த்த வேறொரு கப்பலின் மாலுமியுடையது!

1924இல், தம் கடைசி வருஷத்தில், பாரன் இறந்த விடியற்காலையைக் கான்ராட் நினைவுகூர்ந்தார். ஐந்து மணிக்குப் பாரனிடம் போய் எப்படியிருக்கிறது என்று கேட்டாராம். சரியாகப் பதில் வரவில்லை. கட்டில் விளிம்பில் மாட்டிவைக்கக் கொக்கி வைத்த கோப்பையில் ஒருவர் காப்பி கொண்டுவந்தார். ஆறு மணிக்கு, அவர் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. நாற்பது வருஷமாகியும் அந்தக் கொக்கி மறக்கவில்லை பாருங்கள்!

நிஜ வாழ்க்கையை நாவலாக்குவதில் நம்ம ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? 1906இல் புரசைவாக்கத்தில் பிறந்த ஆர்.கே.நாராயண், 1939இல் டைபாய்டில் மனைவி ராஜத்தைப் பறிகொடுத்தார். 1945இல் வந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில் நாயகன் கிருஷ்ணன் அவரேதான், கிருஷ்ணனின் மனைவி சுசீலா ராஜம்தான். அதில் கற்பனை வெகு சொற்பம் என்று பிறகு அவரே எழுதினார்.

ஜெயகாந்தன் செய்தது இன்னும் பெரிய அதிசயம். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வந்து ஊரே கொந்தளித்தது. பிறகு வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், நாயகி கங்கா அதே கதையைப் பத்திரிகையில் படித்து, இது என் கதையாயிற்றே என்று திகைக்கிறாள். எழுதியவர் பெயர் அங்கே ஆர்.கே.வி! ஆசிரியரே வேறு பெயர் சூடித் தம் நாவலுக்குள் வந்து நிற்கிறார். 1977இல் வந்த படத்தில் அந்த வேடம் யாருக்குத் தெரியுமா? நாகேஷுக்கு!

சுந்தர ராமசாமியின் நாவல் நாயகன் ஜே.ஜே.க்குப் பின்னால் மலையாள எழுத்தாளர் சி.ஜே.தாமஸ் இருப்பதாக வாசகர்கள் இன்றும் பேசுகிறார்கள். நாவலில் ஜே.ஜே.யும், நிஜத்தில் தாமஸும் இறந்தது 1960இல்தான்.

கான்ராட் நம்ம கரையில் இருந்தது சில நாட்கள்தான். கப்பல் சரக்கை ராப்பகலாக ஏற்றி இறக்கும் நம்ம ஆட்களோ தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். கதை எழுதுகிறவரா நீங்கள்? ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாத்தாங்காடு வாருங்கள். டீ ஆறுவதற்குள் டிரைவர் அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள்.