ஸ்கீபோர்டு

ஸ்கீபோர்டு என்பது வெண்பனி படர்ந்த மலைச்சரிவுகளில் சறுக்கி விளையாடப் பயன்படும், நீளம் குறைந்த, அகலம் மிகுந்த ஓரிணைப் பலகைகள் ஆகும். ஒவ்வொரு காலிலும் ஒரு பலகை பூட்டப்படும். பலகையின் நீளம் பொதுவாக 75 செ.மீ முதல் 110 செ.மீ வரை இருக்கும். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் முன்னாகவும் பின்னாகவும் சறுக்க இயலும். வழக்கமான ஸ்கீ விளையாட்டில் கையில் பிடிக்கும் ஊன்றுகோல்கள் இதில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவதில்லை.

தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்நுனித் துளியையும், மூடுபனியையும், வானிலிருந்து விழும் வெண்துகள்களையும் குறிக்கும். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் வானிலிருந்து விழுந்து தரையில் படிவது வெண்பனி என்றும், நீர் உறைந்து கெட்டியானது பனிக்கட்டி என்றும் குறிக்கப்படுகின்றன.

வரலாற்றுச் சுருக்கம்

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய நிறுவனமான நைசல், பிக்ஃபுட் என்ற பெயரில் மிகக் குட்டையான ஸ்கீ ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் முன்முனை மனிதக் கால்விரல்களைப் போல வடிவமைக்கப்பட்டிருந்தது. 1995-இல் அமெரிக்காவில் ஜேசன் லெவின்தால் தொடங்கிய லைன் நிறுவனம் அகலமான, இருமுனை வளைந்த பலகைகளைச் செய்தது. பிரான்சின் சாலமன் நிறுவனம் வெளியிட்ட ஸ்னோபிளேடு பெரும் புகழ் பெற்றமையால், பல நாடுகளில் அந்த வணிகப் பெயரே இவ்வகைப் பலகைகள் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டது. குளிர்கால எக்ஸ் விளையாட்டுக்களில் 1998 முதல் 2000 வரை ஸ்கீபோர்டுப் போட்டிகள் இடம்பெற்றன. இருமுனை வளைந்த முழுநீள ஸ்கீக்கள் பரவியதும் ஸ்கீபோர்டின் மீதான ஆர்வம் குறைந்தது. இன்று இது ஒரு சிறு வட்டத்தினரின் விளையாட்டாகவே உள்ளது.

அகலம் நீளத்தை ஈடுசெய்யுமா?

பலகை அகலமாக இருப்பதால் ஆழ்ந்த வெண்பனியில் நன்கு மிதக்கும் என்று பலர் கருதுகின்றனர். ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். 99 செ.மீ நீளமும் சராசரியாக 11 செ.மீ அகலமும் கொண்ட ஓரிணை ஸ்கீபோர்டின் அடிப்பரப்பு ஏறத்தாழ 2,180 ச.செ.மீ. 170 செ.மீ நீளமும் சராசரியாக 10 செ.மீ அகலமும் கொண்ட ஓரிணை ஸ்கீயின் அடிப்பரப்பு 3,400 ச.செ.மீ. உடைகளும் கருவிகளும் சேர்த்து 75 கி.கி எடையுள்ள ஒருவர் நின்றால், முதலாவதின் கீழ் அழுத்தம் சுமார் 3.4 கிலோபாசுக்கல், இரண்டாவதின் கீழ் 2.2 கிலோபாசுக்கல். அதாவது ஸ்கீபோர்டு ஒன்றரை மடங்கு அழுத்தத்தைத் தருகிறது. வெறும் காலணியுடன் நின்றால் இவ்வழுத்தம் 15 கிலோபாசுக்கல் அளவிற்கு உயரும் என்பதையும் ஒப்புநோக்குக. ஆகவே அகலம் இழப்பின் ஒரு பகுதியையே ஈடுசெய்கிறது.

புதிதாக விழுந்த உலர்ந்த வெண்பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கி.கி மட்டுமே. சில நாட்கள் கழித்துத் தானே அமிழ்ந்து படிந்ததன் அடர்த்தி 200 முதல் 300 கி.கி. இயந்திரம் கொண்டு சீர்செய்யப்பட்ட சரிவில் இது 400 முதல் 500 கி.கி வரை இருக்கும். நீரின் அடர்த்தி 1,000 கி.கி என்பதை நினைவிற் கொண்டால் முதல் வகை எவ்வளவு காற்று நிறைந்தது என்பது விளங்கும். 15, 20 செ.மீ ஆழமுள்ள புதுப்பனியில் ஸ்கீபோர்டு இனிமையாகவே செல்லும். முழங்கால் ஆழத்தில் நிலைமை வேறு. அங்கே வேகம் இருந்தால்தான் பலகை மேலெழும். எனவே போதிய செங்குத்துள்ள சரிவு தேவை. உடல் எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளவும் வேண்டும். ஆனால் பலகையின் பின்பகுதியும் குட்டையே என்பதால், சிறிது அதிகமாகச் சாய்ந்தாலும் சறுக்குநர் பின்புறமாக விழுவார்.

சீர்செய்யப்பட்ட சரிவு

ஸ்கீபோர்டின் இயல்பான இடம் இதுவே எனலாம். ஒரு பலகையைத் திருப்புவதற்கான எளிமை அதன் நிலைமத் திருப்புதிறனைச் சார்ந்தது. நீள அலகிற்கான நிறை மாறாதெனக் கொண்டால், இது நீளத்தின் மும்மடியாக மாறும். 99 செ.மீ பலகைக்கும் 170 செ.மீ பலகைக்கும் இடையே இவ்விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. புதிதாகக் கற்போர் ஒரே நாளில் திரும்பப் பழகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பலகையின் பக்கங்கள் உட்புறமாக வளைந்திருக்கும். தரையைத் தொடும் நீளத்தின் இருமடியை, இவ்வளைவின் ஆழத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் இயல்பான திருப்ப ஆரம் கிடைக்கும். தொடு நீளம் 80 செ.மீ, ஆழம் 1 செ.மீ எனில் ஆரம் 8 மீட்டர். முழுநீள ஸ்கீயில் இது 15 மீட்டரை ஒட்டி அமையும். ஆகையால் குறுகிய சரிவிலும் அடுத்தடுத்து வட்டத் திருப்பங்களைப் போட முடிகிறது. இதற்கான விலை நேர்கோட்டு ஓட்டத்தில் தெரியும். மிகு வேகத்தில் பலகைகள் நடுங்கும். விளிம்பில் சாய்த்துச் செல்வதே அமைதியான வழி.

கடினப் பரப்பும் பனிக்கட்டியும்

தொடு நீளம் ஏறத்தாழப் பாதியாவதால், உருக்கு விளிம்பின் ஒவ்வொரு செ.மீட்டரிலும் விழும் விசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. கூர்மையான விளிம்பு கடினப் பரப்பை நன்றாகவே கடிக்கும். எனினும் இரு குறைகள் உள்ளன. முதலாவது, நீண்ட விளிம்பு பனிக்கட்டித் திட்டொன்றின் இருபுறமும் நல்ல பிடி கொண்டு அதனைக் கடந்துவிடும். குட்டை விளிம்பு முழுவதும் அத்திட்டின் மேலேயே நிற்க நேரும். இரண்டாவது, ஸ்கீ காலணியின் அடி சுமார் 7 செ.மீ அகலமே உடையது. அதன் கீழுள்ள பலகை 11 செ.மீ எனில், விளிம்பு காலணிக்கு 2 செ.மீ வெளியே நிற்கிறது. அங்கு செயல்படும் எதிர்விசை பலகையைத் தட்டையாக்க முயலும். அதனைத் தடுக்கும் வேலை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் விழுகிறது. பனிக்கட்டி நாளில் மாலைக்குள் கால்கள் சோர்வதன் காரணம் இதுவே.

ஈரப்பனியும் மேலோடும்

சறுக்கும் பலகையின் கீழ் உராய்வு வெப்பத்தால் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. உறைநிலைக்குச் சில பாகை கீழே உராய்வு மிகக் குறைவு. -20 °செ அளவில் படலம் போதாமல், கூரிய பனிப்படிகங்கள் மணலைப் போல் உரசும். 0 °செ-ஐ எட்டிய ஈரப்பனியிலோ நீர் மிகுந்து, அடிப்பரப்பை உறிஞ்சிப் பிடிக்கும். இதற்கேற்ற மெழுகும், அடியில் கீறப்படும் நுண்வரிகளும் உதவும். வசந்தகாலத்தில் இரவில் உறைந்து பகலில் இளகும் சோளமணி போன்ற பனியின் மேல் ஓரிரு செ.மீ இளகிய நேரத்தில் ஸ்கீபோர்டுக்கு இணையான இன்பம் வேறில்லை என்பது பலரின் அனுபவம். மேடுபள்ளங்கள் நிறைந்த சரிவிலும் குட்டைப் பலகை பள்ளத்திற்குள் முழுதாக அடங்கி எளிதில் திரும்பும்.

நடப்பவரைத் திடீரெனத் தடுக்கும் பனி வேறொன்று உண்டு. காற்றாலோ வெயிலாலோ இறுகிய மெல்லோடு எடையைச் சிறிது தாங்கிப் பின் உடையும். நீளமான ஸ்கீயின் முனை காலணியிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், அது புதையும்போது சறுக்குநர் தடையை முன்னரே உணர்வார். ஸ்கீபோர்டில் காலணிக்கு முன்னால் இருப்பது 30 செ.மீ அளவே. முனை ஓட்டின் கீழ் நுழைந்தால் உடல் அப்படியே முன்னோக்கி வீசப்படும். கனத்த ஈரப்பனியிலும் இதுவே நிகழும்.

பிணைப்பும் காயங்களும்

பனியின் தன்மை உடற்காயமாக மாறும் இடம் இது. வழக்கமான ஸ்கீயில் காலணிப் பிணைப்பு குறித்த அளவிற்கு மேல் திருப்புவிசை வந்தால் தானே விடுபடும். மலிவான, வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கீபோர்டுகள் பலவற்றில் விடுபடாத பிணைப்புகளே பொருத்தப்பட்டன. பலகை குட்டை, ஆகவே முழங்காலை முறுக்கும் நெம்புகோலும் குட்டை என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். முழங்காலைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் முன்னோக்கி விழும்போது விறைப்பான காலணியின் மேல்விளிம்பு ஆதாரப் புள்ளியாகிக் கணைக்கால் உள்ளெலும்பை வளைக்கிறது. பலகை விடுபடாவிட்டால் எலும்பு முறியும். ஸ்கீபோர்டு பயன்படுத்துவோரிடையே இவ்வகை முறிவுகள் மிகுதி என்பதை மருத்துவர்கள் 2000களின் தொடக்கத்திலேயே பதிவு செய்தனர்.

விடுபடும் பிணைப்பு பொருத்தினால் பலகையின் எடையும் விலையும் உயரும். நிற்கும் உயரமும் சற்றுக் கூடும். ஆயினும் சீர்செய்த சரிவை விட்டு ஆழ்பனிக்கோ மேலோட்டுப் பனிக்கோ செல்பவர் இதனை விருப்பத் தேர்வாகக் கருதுதல் தகாது. பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது: விடுபடாத பலகைகள் நங்கூரம் போல் காலை உள்ளே இழுத்துவிடும். விடுபடும் பிணைப்பு உள்ள பலகையில், கழன்றபின் அது சரிவில் தனியே ஓடிப் பிறரைத் தாக்காதிருக்க நிறுத்துகோலோ, காலுடன் கட்டும் வாரோ இருத்தல் வேண்டும்.